முகம் உப்பி, நீர் கறுத்தால்: சிறுநீரக அழற்சியை அடையாளம் கண்டு கவனிக்கும் வழி

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பையனின் கண்ணிமை உப்பியிருக்கிறது. கொசு கடித்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் பார்த்தால் வீக்கம் வடிந்திருக்கிறது. மறுநாள் நீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. சித்திரை வெயில், சூடு பிடித்திருக்கும் என்று இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் தலைவலி, வாந்தி. நான்காம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் வண்டி பிடித்து மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவருகிறார்கள். முதல் மூன்று நாளில் ஏதாவது ஒரு நாள் யூரின் டெஸ்டும் பிரஷரும் பார்த்திருந்தால் அந்த வலிப்பைத் தடுத்திருக்க முடியும். இடுப்பு வலித்திருந்தால் ஒருவேளை முதல் நாளே கூட்டிவந்திருப்பார்கள். ஆனால் வலிக்கவில்லை. சிறுநீரக அழற்சியில் பெரும்பாலான வகைகள் வலிக்காது.

'கிட்னி வலிக்குது' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது தசைப்பிடிப்பு, இல்லாவிட்டால் கல். நிஜமாகவே சிறுநீரகம் அழன்றுகொண்டிருப்பவர் வலி எதுவும் இல்லாமல் வயலில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே வலியைத் தேட வேண்டாம். நீர், வீக்கம், பிரஷர் இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எது எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறித்துவையுங்கள். நோயின் பெயரைப் பாதிக்கு மேல் அந்தத் தேதிகளே சொல்லிவிடும்.

எங்கே அழல்கிறது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும் ஒரு முடிச்சுதான் வடிகட்டி. மருத்துவர்கள் அதை குளோமெருலஸ் என்பார்கள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிக்கின்றன. அடுத்துள்ள நுண்குழாய்கள் அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள, ஒன்றரை இரண்டு லிட்டர்தான் நீராக வெளியேறுகிறது.

அழற்சி இந்த வடிகட்டியில் வந்தால் குளோமெருலோ நெஃப்ரைட்டிஸ். நுண்குழாய்களுக்கு நடுவில் உள்ள சதையில் வந்தால் இன்டர்ஸ்டிஷியல் நெஃப்ரைட்டிஸ். கீழிருந்து கிருமி ஏறிச் சிறுநீரகத்தையே தாக்கினால் பைலோ நெஃப்ரைட்டிஸ். பெரும்பாலும் கடைசி ஒன்றில்தான் கிருமி சிறுநீரகத்துக்குள் நேரடியாக இருக்கிறது. முதல் வகையில் உடம்பின் சொந்தக் காவல்படையே வடிகட்டியில் போய் மோதிக்கொள்கிறது. 'ஆன்டிபயாட்டிக் ஒரு கோர்ஸ் போட்டும் ஏன் சரியாகவில்லை?' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

முதல் நாளே நோட்டில் எழுத வேண்டியவை

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் காலையில் எழுந்து நீர் கழித்த பிறகு, வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கூடினால் அது சோறு இல்லை, ஒரு லிட்டர் தண்ணீர் உடம்பில் தங்கியிருக்கிறது. அடுத்து, நீரின் அளவு. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் பிடித்து 24 மணி நேரக் கணக்கை எழுதுங்கள். பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிக்குக் கீழே போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீக்கத்தைக் கண்ணாடியில் தேடுவதைவிட உடம்பில் இறுகும் இடங்களில் தேடுவது நல்லது. பாவாடை நாடாத் தடம் ஆழமாகப் பதிவது, சின்னப் பிள்ளையின் அரைஞாண் கயிறு திடீரென்று இறுகுவது, செருப்பு வார் நுழையாமல் போவது, மோதிரம் கழலாதது எல்லாம் கணக்கில் சேர்த்தி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். காலையில் முகமும் மாலையில் காலும் வீங்குவது சிறுநீரகத்தின் பழக்கம். இதய நோயில் பெரும்பாலும் கால்தான் முதலில் வீங்கும்.

பிரஷர் பார்ப்பதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. பெரியவருக்கான பட்டையைச் சின்னப் பிள்ளையின் கையில் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்; நோய் அதில் தப்பித்துவிடும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். இன்னொரு விஷயம்: 120/80 பெரியவருக்கு ஆகும், ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகாது. அந்த வயதில் 100/60 ஒட்டித்தான் இருக்க வேண்டும். 'பிரஷர் நார்மல்தான்' என்று வாயால் சொல்வதை ஏற்காமல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

நீரைப் படிப்பது

நிறத்திலிருந்து தொடங்கலாம். வடிகட்டியிலிருந்து வரும் ரத்தம் சிவப்பாகத் தெரிவது குறைவு. கடுங்காப்பி, கோலா, கறி அலசிய தண்ணீர் இந்த மூன்றில் ஒன்றின் நிறத்தில் இருக்கும். தொடக்கம் முதல் கடைசிச் சொட்டு வரை ஒரே நிறம். கட்டி வராது, வலி இருக்காது. பளிச்சென்ற சிவப்பு, கட்டி கட்டியாக ரத்தம், கடைசியில் மட்டும் சிவப்பு என்றால் கல், மூத்திரப்பை, புராஸ்டேட் பக்கம் பார்க்க வேண்டும். பீட்ரூட் தின்றாலும் நிறம் மாறும். டிபி மாத்திரை ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறம் கொடுக்கும். மாதவிலக்கு நாட்களில் எடுத்த மாதிரி எதையும் சொல்லாது. ஐந்தாறு நாள் கழித்து எடுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பாதிப் பிழை நடக்கிறது. காலையில் முதலில் போகும் நீர்தான் வேண்டும். சுத்தம் செய்துவிட்டு முதல் கொஞ்சத்தை வெளியே விட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியை விட்டுவிடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் மருந்து பாட்டிலிலும் கொண்டுவராதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சோப்பும் முடிவைக் கெடுக்கும். உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ காலை ஆறு மணிக்குப் பிடித்ததைப் பையில் போட்டுப் பஸ் ஏறி, மதுரை வந்து வரிசையில் நின்று, பதினோரு மணிக்கு நீட்டினால் அதில் ரத்த அணுக்கள் கரைந்துபோயிருக்கும், கிருமி பெருகியிருக்கும். நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் புதிதாக இருக்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் வெறும் டப்பாவோடு வந்து ஆய்வகத்திலேயே கொடுப்பது உத்தமம்.

ரிப்போர்ட்டில் ஆல்புமின், அதாவது புரதம், என்ற வரியைப் பாருங்கள். 1+ என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மி.கி., 2+ சுமார் 100, 3+ சுமார் 300. வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தவரின் அடர்ந்த நீரில் ஒன்றும் இல்லாமலே 1+ காட்டும், காய்ச்சலிலும் காட்டும். அதனால் 'ஸ்பாட் புரோட்டீன் கிரியாட்டினின் ரேஷியோ' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தண்ணீர் கூடக் குறையக் குடித்ததால் வரும் வித்தியாசத்தை அது சரிசெய்துவிடும். 0.2-க்குள் இருப்பது சரி. பிள்ளைகளுக்கு 2-க்கு மேல், பெரியவர்களுக்கு 3.5-க்கு மேல் போனால் புரதம் ஆறாக ஓடுகிறது என்று பொருள். சிவப்பணு 5-க்கு மேல் இருந்தால், அவை உருக்குலைந்தவையா, 'ஆர்பிசி காஸ்ட்' தெரிகிறதா என்று கேளுங்கள். நெருக்கலான வடிகட்டிச் சுவர் வழியே பிதுங்கி வந்த அணு நெளிந்துதான் இருக்கும். நுண்குழாயின் வடிவத்திலேயே வார்த்தெடுத்த மாதிரி ரத்த அணுக்கள் ஒட்டி வந்தால் அதுதான் காஸ்ட். அது தெரிந்துவிட்டால் ரத்தம் வடிகட்டியிலிருந்து வருகிறது என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. இயந்திரத்தில் விட்டு அச்சடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டில் இது பெரும்பாலும் வராது. ஒரு ஆள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை மட்டும் பார்த்துவிட்டு 'கிட்னி நல்லா இருக்கு' என்று சொல்வது பெரிய ஏமாற்று. பாதி வேலை போகும்வரை அது அசையாமலேகூட இருக்கும். ஒரு பெண்ணுக்குப் போன மாதம் 0.6, இந்த மாதம் 1.1 என்றால் இரண்டுமே ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் அச்சாகும். ஆனால் அவருடைய சிறுநீரகம் ஒரே மாதத்தில் பாதிக்குப் பக்கமாக இழந்திருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவருவது இதற்காகத்தான்.

வீட்டிலேயே புரதம் பார்க்க

1827-ல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் உடம்பு வீங்கியவர்களின் நீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டிப் பார்த்தார். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி உறைந்தது. இந்த நோய்க்கு நெடுநாள் பிரைட் நோய் என்றே பெயர். நெஃப்ராடிக் (நீரில் புரதம் ஓடும் நோய்) பிள்ளைகளின் வீடுகளில் அதே சோதனை இன்றைக்கும் உதவுகிறது. நீரில் நனைத்துப் புரதம் பார்க்கும் டிப்ஸ்டிக் வாங்கக் காசு இல்லாதபோது இதை நம்பலாம்.

கண்ணாடிச் சோதனைக் குழாயில் காலை நீரை முக்கால் பாகம் நிரப்புங்கள். இடுக்கியால் அடிப்பக்கம் பிடித்து, சாய்த்து, மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கிலோ சின்னத் தீயிலோ காட்டுங்கள். குழாயின் வாய் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது; கொதித்துத் தெறிக்கும். மேல் பாகம் கொதித்ததும் எடுத்து, சமையல் வெள்ளை வினிகர் மூன்று சொட்டு விடுங்கள். கலங்கல் தெளிந்துவிட்டால் அது பாஸ்பேட் உப்பு, பயமில்லை. தெளியாமல் நின்றால் புரதம். குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். கலங்கல் வழியே எழுத்தைப் படிக்க முடிந்தால் 1+. எழுத்து மறைந்தால் 2+. திரி திரியாகப் பிரிந்தால் 3+. அவித்த முட்டை போல் கட்டியாக உறைந்தால் 4+. கீழ்ப் பாகம் சூடுபடாமல் தெளிவாக இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். குழாய் முழுவதையும் சூடாக்கிவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பலர் செய்யும் தப்பு அது.

நாள் கணக்கு சொல்லும் கதை

இரண்டு நோய்கள் நீரைக் கறுக்க வைத்துக்கொண்டு ஒன்றுபோலவே வரும். பிரிப்பது நாள் கணக்கு. தொண்டை வலி வந்து பத்து நாள் கழித்து, அல்லது காலில் சிரங்கு வந்து மூன்று வாரம் கழித்து நீர் கறுத்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பின் வரும் நெஃப்ரைட்டிஸ். கிருமி போய்விட்டிருக்கும், அதை எதிர்க்க உடம்பு செய்த ஆயுதங்கள் வடிகட்டியில் படிந்து அழற்சி உண்டாக்குகின்றன. தொண்டை வலி இருக்கும்போதே, ஒன்றிரண்டு நாளில் நீர் கறுத்தால் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வடிகட்டியில் படியும் ஐஜிஏ நெஃப்ரோபதியை நினைக்க வேண்டும். இளைஞர்களிடம் அதிகம், ஒவ்வொரு சளிக்கும் திரும்பத் திரும்ப வரும்.

ரத்தத்தில் சி3 என்ற புரதத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஸ்ட்ரெப் நோயில் அது இறங்கியிருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப ஏறும். ஐஜிஏ நோயில் இறங்காது. எட்டு வாரம் தாண்டியும் சி3 இறங்கியே கிடந்தால் நாம் நினைத்த நோய் இல்லை, காவல்படையே உடம்பைத் தாக்கும் லூபஸ் அல்லது சி3 சம்பந்தப்பட்ட வேறு நோய். பயாப்ஸிக்கு, அதாவது சிறுநீரகத்தில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பதற்கு, போக வேண்டும். ஸ்ட்ரெப் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏஎஸ்ஓ ரத்த டெஸ்டை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். தொண்டைக் கிருமிக்கு அது ஏறும், சிரங்குக்குப் பல நேரம் ஏறாது. நோயே இல்லாத பிள்ளைகளிடமும் கூடுதலாக இருக்கும். ஏஎஸ்ஓ கூட இருக்கிறது என்பதற்காக மாதாமாதம் பென்சிலின் ஊசி போட வேண்டியதில்லை. அது ருமாட்டிக் காய்ச்சலுக்கான வழக்கம், இந்த நெஃப்ரைட்டிஸ் ஒருமுறை வந்தால் மறுபடி வருவது அபூர்வம்.

கிருமி மிச்சம் இருந்தால் ஒழிக்க பென்சாத்தின் பென்சிலின் ஒரே ஊசி: 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம். அந்த ஊசி கிருமி பரவாமல் தடுக்கும். வந்துவிட்ட அழற்சியைக் குறைக்காது. உண்மையான வைத்தியம் உப்பைக் குறைத்து, ஃப்ரூசிமைடு கொடுத்துத் தேங்கிய நீரை இறக்கி, பிரஷரைப் பிடித்து வைப்பதுதான். தலைவலி, வாந்தி, கண் மங்கல், படுத்தால் மூச்சு முட்டுவது இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் கிளம்ப வேண்டும். சரியாகக் கவனித்தால் வீக்கம் ஒரு வாரம் பத்து நாளில் வடியும், நிறம் இரண்டு மூன்று வாரத்தில் தெளியும். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ரத்தம் ஒரு வருஷம் வரைகூட நிற்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

விடுதிப் பிள்ளைகளுக்கு இது கூட்டமாக வருவது சொறியால். சொறிந்து புண்ணாகி, புண்ணில் கிருமி ஏறி, மூன்று வாரத்தில் முகம் வீங்கும். 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, தொப்புள், அக்குள் எதையும் விடாமல் தடவி, ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் போட்டால் வீண். ஒரே அறையில் படுக்கும் அத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில் போட வேண்டும்.

பெரியவர்களிடம், அதுவும் சர்க்கரை நோயாளிகளிடம், இதே நோய் வேறு முகத்தில் வரும். ஆறாத கால்புண்ணில் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி இருந்துகொண்டே வடிகட்டியைக் கெடுக்கும். அங்கே புண்ணை ஆற்றாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் ஆபத்து.

நீர் நுரைத்தால்

ரத்தம் இல்லாமல் புரதம் மட்டும் ஓடினால் நெஃப்ராடிக். கழிப்பறையில் விழும் நீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து, தண்ணீர் ஊற்றியும் நுரை அடங்காது. முகத்தில் தொடங்கி வயிறு, கால், ஆண் பிள்ளைகளுக்கு விரைப்பை வரை வீங்கும். ரத்த ஆல்புமின் 3-க்குக் கீழே இறங்கும், கொலஸ்டிரால் ஏறும். பெரும்பாலும் பிரஷர் ஏறாது, நிறம் மாறாது. அதனால்தான் 'புள்ள நல்லா உடம்பு வச்சிருக்கான்' என்று சொந்தக்காரர்கள் மெச்சுவதும் நடக்கிறது.

இரண்டு முதல் ஆறு வயதுக்குள் வந்தால் பெரும்பாலும், சாதாரண நுண்ணோக்கியில் மாற்றம் தெரியாத மினிமல் சேஞ்ச் வகை. பயாப்ஸி இல்லாமலே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குவார்கள். கிலோவுக்கு 2 மி.கி., நாளொன்றுக்கு 60 மி.கி.க்கு மேற்படாமல், ஆறு வாரம் தினமும். பிறகு 1.5 மி.கி., 40-க்கு மேற்படாமல், ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்குள் நீர் தெளிந்துவிடும். தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பன்னிரண்டு வாரமும் ஓட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் புரதம் இல்லை என்றால் நோய் அடங்கியது. தொடர்ந்து மூன்று நாள் 3+ என்றால் திரும்பியது. பாதிப் பேருக்கு மேல் திரும்பும், அதுவும் சளிக் காய்ச்சலோடு. நோட்டில் தினமும் எழுதுகிற வீட்டில் வீக்கம் வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள்.

வீங்கிய வயிறோடு காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்தால் வயிற்று நீரில் கிருமி இறங்கியிருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கும். இரண்டுமே அவசரம்.

பெரியவர்களிடம் நெஃப்ராடிக் வந்தால் காரணம் தேட வேண்டும். நடுவயதில், வடிகட்டிச் சுவர் தடிக்கும் மெம்ப்ரனஸ் வகை அதிகம். ரத்தத்தில் பிஎல்ஏ2ஆர் எதிர்ப்பொருள் பார்ப்பார்கள். அது இல்லையென்றால் முகத்துக்குப் பூசும் சிவப்பழகு கிரீம்களையும், பாதரசம் சேர்ந்த பற்பம், செந்தூரங்களையும் கேட்டே ஆக வேண்டும். பெயர், தயாரித்தவர், தேதி எதுவும் அச்சிடாத டப்பா என்றால் அதையே எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால் ஆறு மாதம் வீண் மருந்து ஓடும். பாதரசத்தை நிறுத்தியதும் தானாகத் தெளிந்தவர்கள் உண்டு.

நாள்கூடக் காத்திருக்கக் கூடாத வகை

கிரியாட்டினின் நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போய், நீரில் ரத்தமும் இருந்தால் அது வேக நெஃப்ரைட்டிஸ். சிகிச்சை இல்லாமல் வாரங்களில், சில மாதங்களில் டயாலிசிஸில் போய் நிற்கும். வயதானவருக்கு நீடித்த காய்ச்சல், எடை இறக்கம், சளியில் ரத்தம், மூக்கில் ஆறாத புண் இவற்றோடு வந்தால் ஆன்கா என்ற எதிர்ப்பொருள் சம்பந்தப்பட்ட ரத்தக்குழாய் அழற்சி. மெத்தில்பிரெட்னிசலோனை மூன்று நாள் நரம்பில் ஏற்றி, காவல்படையை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடோ ரிடக்சிமாபோ தொடங்குவார்கள். இங்கே இரண்டாவது கருத்து கேட்க ஊர் ஊராகப் போய் ஒரு வாரம் கழிப்பது சிறுநீரகத்தையே விலையாகக் கேட்கும்.

இளம்பெண்ணுக்கு மூட்டுவலி, முடி கொட்டுதல், வெயில் பட்டால் கன்னம் சிவத்தல், வாய்ப்புண் இவற்றோடு நீரில் புரதமும் இருந்தால் லூபஸ். ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ, சி3, சி4 என்ற ரத்த டெஸ்டுகள் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு வருடம் ஓட்டியவர்களிடம்தான் இது முற்றிப் போய்த் தெரிகிறது. லூபஸ் இருப்பது தெரிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூரின் பார்த்தே தீர வேண்டும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மாத்திரையால், மழையால், கிருமியால்

நாற்று நட்டுவிட்டு வரும் இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், அது வயிற்றைப் புண்ணாக்கும் என்று கூடவே கேஸ் மாத்திரை. இரண்டுமே நடுச்சதை அழற்சியை, அதாவது இன்டர்ஸ்டிஷியல் நெஃப்ரைட்டிஸைக் கொண்டுவரக் கூடியவை. காய்ச்சல், தடிப்பு, ஈஸினோஃபில் என்ற வெள்ளையணுவின் ஏற்றம் மூன்றும் சேர்ந்து வரும் என்று படித்திருப்போம்; நடைமுறையில் பத்தில் ஒருவருக்குக்கூட அப்படி வருவதில்லை. களைப்பு, பசியின்மை, கிரியாட்டினின் ஏற்றம், நீரில் சீழணு இருந்தும் கல்ச்சரில் கிருமி வளராதது, அவ்வளவுதான் தடயம். மருந்தை உடனே நிறுத்துவதே முதல் வைத்தியம். வாங்கித் தின்ற எல்லாவற்றின் அட்டையையும் கொண்டுபோங்கள். 'வெள்ளை மாத்திரை ஒண்ணு' என்பதை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, ஆடுதசையைத் தொட முடியாத வலி, மஞ்சள் கண் என்று வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அதுவும் நடுச்சதையைத்தான் தாக்குகிறது. சீக்கிரம் ஆன்டிபயாட்டிக் போட்டால் மீள்வார்கள்.

வழக்கமாக இடுப்பு வலிக்கும் வகை பைலோ நெஃப்ரைட்டிஸ்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ஒரு பக்கம் விலாவுக்குக் கீழே வலி, நீர்க்கடுப்பு. முதல் மாத்திரைக்கு முன் கல்ச்சருக்கு நீர் கொடுத்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு கொடுத்தால் கிருமி தெரியாமல் போகலாம். கர்ப்பிணிக்கும் சர்க்கரைக்காரருக்கும் இதை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

பயாப்ஸி என்றால்

ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்ற பேச்சு ஊரில் உண்டு. 10 லட்சம் வடிகட்டியில் எடுப்பது இருபது முப்பதுதான். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடி இரண்டு இழை எடுப்பார்கள்; ஒவ்வொன்றும் ஊதுபத்திக் குச்சியைவிட மெல்லிசு. அதற்கு முன் பிரஷர் 140/90-க்குள் இருக்க வேண்டும். தட்டணுவும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆரும் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். முதல் சில முறை நீர் சிவந்து போகலாம். சிவப்பு கூடிக்கொண்டே போனாலோ, வலியும் தலைசுற்றலும் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

எடுத்த இழை எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பாதிப் பதில் போச்சு. படிந்திருக்கும் எதிர்ப்பொருளை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசென்ஸ் சோதனைக்கான துண்டு தனிக் கரைசலில் போக வேண்டும். ஐஜிஏ நோயை அது இல்லாமல் உறுதிசெய்ய முடியாது. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் இரண்டு புட்டி போகிறதா என்று கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை.

அடுப்பங்கரையில்

நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. வீட்டில் அளந்து போட்டுவிட்டு அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய், பரோட்டாவோடு சால்னா என்று போனால் கணக்கு எங்கேயோ போய்விடும். திருவிழா நேரத்துப் பந்தல் நீர்மோரிலும் உப்பு உண்டு. இந்துப்புக்கு மாறினாலும் அது உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீர் குறைந்தவருக்கு அது இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். ஒரு இளநீரிலேயே 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம். வாழைத்தண்டுச் சாறும் இந்தக் கணக்கில்தான் சேரும். கல்லுக்குக் குடிப்பதை அழற்சிக்குக் குடிக்கக் கூடாது.

தண்ணீர் அதிகம் குடித்தால் கிட்னி கழுவிவிடும் என்பது இங்கே பொருந்தாது. சிறுநீர் குறைந்த நாட்களில் பெரியவருக்கு முந்தின நாள் போன அளவோடு ஒரு அரை லிட்டர் சேர்த்துக் கொடுத்தால் போதும். ரசம், கஞ்சி, மோர், காப்பி எல்லாம் அதற்குள்தான். புரதம் போகிறதே என்று தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு கொடுப்பவர்கள் உண்டு. கொடுப்பது அப்படியே நீரில் போகும். வழக்கமான அளவு பருப்பும் முட்டையும் போதும்.

ஸ்டீராய்டு ஓடும் மாதங்களில்

தொடங்குவதற்கு முன் டிபி, ஹெபடைட்டிஸ் பி பார்க்க வேண்டும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவையும் நினைவில் வைக்க வேண்டும்; ஸ்டீராய்டில் அது உடம்பெங்கும் பரவும். மாத்திரை காலையில், சாப்பிட்ட பிறகு. வாந்தியோ பயணமோ வந்தால் தானாக நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும், திடீரென்று விட்டால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். முகம் உருண்டையாவதும் பசி கூடுவதும் மருந்தால்தான், மருந்து குறையக் குறையப் போகும். அம்மை கண்டவர் வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். போய்விட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தடுப்பூசி போடும் நர்ஸிடம் ஸ்டீராய்டு ஓடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். நோய் வந்த பிறகு கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நிற்பதைவிட, ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டுபோய் முன்பே எடுத்து வைப்பது மேல்.

தேறிய பிறகு

ஸ்ட்ரெப் நெஃப்ரைட்டிஸ் தேறிய பிள்ளைக்கு ஆறாவது, எட்டாவது வாரத்தில் சி3. மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் யூரினும் பிரஷரும். ஐஜிஏ நோய்க்காரருக்கு வாழ்நாள் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. பிரஷரும் புரதமும் இருந்தால் எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை மாத்திரை கொடுப்பார்கள். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். வாந்தி பேதி வந்தால் அதை நிறுத்திவைப்பதா என்று அன்றைக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரைகள் கருவுக்கு ஆகாது, வேறொன்றுக்கு மாற்ற வேண்டும்.